பழைய துணியில் மெத்தை விரிப்பு தைப்போம்

கும்பப்பூ அறுவடை முடிந்து வைக்கோல் படப்பும் ஏறிவிட்டால், பேச்சிப்பாறைத் தண்ணீர் கால்வாயில் வந்து கன்னிப்பூவுக்கு வயலில் இறங்குகிற வரை நாஞ்சில் நாட்டு வீடுகளில் சற்று ஓய்வு கிடைக்கும். பங்குனி, சித்திரை மாதங்களில் வெயில் நன்றாக அடிக்கும். துவைத்த துணி ஒரே நாளில் காயும். பழைய துணிகளை அடுக்கித் தைத்து மெத்தை விரிப்பு செய்ய இதைவிட ஏற்ற பருவம் வேறில்லை. ஆனி பிறந்தால் மழை பிடித்துக்கொள்ளும். அரைகுறையாகக் காய்ந்த துணியை அடுக்கித் தைத்தால் உள்ளே பூஞ்சணம் பிடித்து நாறும்.

பயிர்ப் பக்கத்தில் தையல் எதற்கு என்று விவசாயப் பெருமக்கள் கேட்கலாம். மகள் பேறுகாலத்துக்கு வரும்போது வாங்கும் குழந்தை விரிப்பு, வயதான தாய் தந்தையருக்கு வாங்கும் மெத்தை, விருந்தாளிக்கு விரிக்கும் படுக்கை ஆகியவற்றுக்குப் போகும் பணமும் நெல்லும் வாழையும் விற்று வந்த பணம்தான். அதே வீட்டில் கிழிந்த புடவையும் நைந்த வேட்டியும் மூட்டை கட்டிப் பரணில் கிடக்கின்றன. இல்லாவிட்டால் பாத்திரக்காரனிடம் போகின்றன. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் போதும்.

நான் செய்த தவறு

இதை எழுதுவதற்கு ஒரு காரணம் உண்டு. பல ஆண்டுகளுக்கு முன், நான் வேலை பார்த்த ஓரிடத்தில் மகளிர் குழுவினருக்கு வாழைநாரில் கைப்பை பின்னும் பயிற்சி ஒன்றை நடத்தினேன். நம் மாவட்டத்தில் வாழைக்குப் பஞ்சமில்லை. குலை வெட்டிய தண்டு வீணாகிறது. அதிலிருந்து நார், நாரிலிருந்து பை, பையிலிருந்து பணம் என்று கரும்பலகையில் அம்புக்குறி போட்டு விளக்கினேன். பெண்கள் ஆர்வத்தோடு கற்றுக்கொண்டார்கள். பைகளும் அழகாகவே வந்தன. அவற்றை யார் வாங்குவார் என்று மட்டும் நான் விசாரித்திருக்கவில்லை. அடுத்த ஆடி மாதம் போய்ப் பார்த்தபோது பாதிப் பைகள் பூஞ்சணம் பூத்து ஒரு மூலையில் கிடந்தன. அவற்றுக்கென வாங்கிய சாயத்துக்கும் பித்தளை வளையத்துக்கும் பெண்கள் கைக்காசு போட்டிருந்தார்கள்.

திட்டியிருந்தாலும் தாங்கியிருப்பேன். அந்தக் குழுவில் மூத்த அம்மாள் ஒருவர் அமைதியாகச் சொன்னார்: "சாரே, எங்க அம்மை பழைய முண்டும் சேலையும் அடுக்கித் தச்ச விரிப்பு இப்பவும் வீட்டில கெடக்கு. அதுல ஏழு பிள்ளைய வளத்தாச்சு. அதச் சொல்லித் தந்திருந்தா நாங்க எங்க பேரப்பிள்ளைக்காவது தச்சிருப்போமே." அந்த விரிப்பை வாங்கிப் பார்த்தேன். ஆறு அடுக்கு, இரு விரற்கடை இடைவெளியில் நேர்கோட்டுத் தையல், ஓரத்தில் புடவைக் கரை. துணி மல்லிகைப்பூ போல் மிருதுவாகியிருந்தது. தையல் ஒன்றுகூட விடவில்லை.

அன்றிலிருந்து என் யோசனையை மாற்றிக்கொண்டேன். முதலில் வீட்டுக்கு உதவும் பொருளைச் செய்ய வேண்டும். அது விற்குமா என்பதைப் பிறகு, கணக்குப் போட்டுப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

ஊசிக்குப் பழக்கப்பட்ட ஊர்

நம் மாவட்டத்துக்கு ஊசி வேலை புதிதல்ல. 1819-இல் நாகர்கோவிலுக்கு வந்த சார்லஸ் மால்ட் என்ற லண்டன் மிஷன் பாதிரியாரின் மனைவி மார்த்தா மால்ட், 1820-களில் இங்கே பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். அந்தக் காலத்தில் திருவிதாங்கூரில் அடிமை முறை இருந்தது. லேஸ் பின்னிய கூலியைச் சேர்த்துவைத்துத் தங்கள் விடுதலையையே விலை கொடுத்து வாங்கிய பெண்கள் உண்டு. 1897-இல் பெல்ஜியத்திலிருந்து முளகுமூட்டுக்கு வந்த அன்னை மேரி லூயிஸ் தெ மீஸ்டர் தொடங்கிய சபையின் கன்னியரும் அங்கே பெண்களுக்குப் பூவேலையும் லேஸும் பழக்கினர். மார்த்தாண்டத்தில் 1920-களில் ஒய்.எம்.சி.ஏ. கிராமப் புனரமைப்பு நிலையத்தை நடத்திய அமெரிக்கர் ஸ்பென்சர் ஹாட்ச், தேனீ, கோழி, நெசவு என்று சிறு குடும்பங்கள் வயல் வேலைக்கு இடையே செய்யத்தக்க தொழில்களைச் சொல்லிக்கொடுத்தார். இந்தியாவில் விரிவாக்கப் பணியின் தொடக்ககால முயற்சிகளில் அதுவும் ஒன்று.

லேஸ் வெளிநாட்டுக்குப் போகும் பொருள். அதை வாங்க ஆள் இருந்தது, கூலியும் கிடைத்தது. விரிப்பு அப்படிப்பட்டதல்ல, வீட்டுக்குள்ளேயே பிறந்து வீட்டுக்குள்ளேயே தேய்ந்துபோவது. அதனால்தானோ என்னவோ, அதைப் பற்றி யாரும் எழுதிவைக்கவில்லை. ஆனால் இந்தியாவின் பல மாநிலங்களில் ஏழைப் பெண்கள் இதே வேலையைத்தான் செய்கிறார்கள். வங்காளத்தில் இதன் பெயர் காந்தா. பழைய புடவைகளை அடுக்கி, புடவைக் கரையிலிருந்து உருவிய வண்ண நூலாலேயே தைப்பது அங்குள்ள பழைய வழக்கம். பிகாரில் இது சுஜனி. முசாபர்பூர் மாவட்டத்துப் பூசுரா கிராமத்துப் பெண்கள் இதில் பெயர் பெற்றவர்கள். இவை இரண்டும் புவிசார் குறியீடு பெற்றுவிட்டன. கர்நாடகத்தின் வடகன்னட மாவட்டத்தில், பல நூற்றாண்டுகளுக்கு முன் ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்டவர்களின் வழிவந்த சித்தி இனப் பெண்கள் தைப்பது கவந்தி. அவர்கள் ஓரத்திலிருந்து தொடங்கிச் சுற்றிச் சுற்றி நடுவை நோக்கித் தைத்துக்கொண்டு போவார்கள். நான்கு மூலையிலும் துணியை மடித்துச் சிறு பூப்போல வைத்துத் தைக்காவிட்டால் விரிப்பு முழுமையாகவில்லை என்பது அவர்கள் எண்ணம்.

துணியைத் தேர்ந்தெடுத்தல்

பருத்தித் துணிதான் வேண்டும். பாலியஸ்டர் வியர்வையை உறிஞ்சாது, தைக்கும்போது வழுக்கும். இப்போது கடையில் வரும் கைலியிலும் புடவையிலும் கலப்பு நூல் நிறைய உண்டு. கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. ஓரத்திலிருந்து இரண்டு நூலை உருவித் தீயில் காட்டுங்கள். காகிதம் எரிகிற வாசனையோடு எரிந்து, தொட்டால் பொடியாகும் சாம்பல் விழுந்தால் பருத்தி. உருகிச் சுருண்டு கெட்டியான மணிபோல் ஆனால் அது பாலியஸ்டர், கால்மிதிக்கு ஒதுக்கிவிடுங்கள்.

அடுத்து, துணியை வெயிலில் தூக்கிப் பிடித்துப் பாருங்கள். இரண்டு கட்டைவிரலையும் சேர்த்துவைத்து இழுத்தால் பிரிகிற இடங்கள் மேல்முகத்துக்கு உதவாது. ஆனால் நடு அடுக்குக்கு அவை தாராளமாக ஆகும்.

ஒரு முக்கியமான எச்சரிக்கை. பூச்சிமருந்து தெளிக்கும்போது உடுத்தியிருந்த கைலி, சட்டை, தலைத்துண்டு எதையும் விரிப்பில் சேர்க்கக் கூடாது. எத்தனை தடவை துவைத்திருந்தாலும் சேர்க்கக் கூடாது. குழந்தையின் தோலும் வாயும் படும் துணி இது. தெளிப்பு உடையை எப்போதும் தனியாகத் துவைத்துத் தனியாகவே வைக்க வேண்டும் என்பதையும் இந்தச் சாக்கில் நினைவூட்டுகிறேன்.

தேர்ந்தெடுத்த துணியைக் கொதிநீரில் சலவைச் சோடா போட்டு அரைமணி நேரம் ஊறவைத்துத் துவைக்கவும். கஞ்சிப்பசை முழுவதும் போக வேண்டும். பசை இருந்தால் கரப்பானும் எலியும் தேடி வரும். மூட்டைப்பூச்சி முட்டை ஒளிந்திருந்தால் அதுவும் கொதிநீரில் அழியும். சாயம் விடுகிற துணியைக் கண்டுபிடிக்க, ஈரமாக இருக்கும்போதே வெள்ளைத் துணியால் தேய்த்துப் பாருங்கள். பழைய துணியில் ஒரு வசதி, சுருங்க வேண்டியது ஏற்கெனவே சுருங்கியிருக்கும். தையற்கடையிலிருந்து புதிய வெட்டுத் துண்டுகள் வாங்கி வந்தால், அவற்றை நனைத்துக் காயவைத்த பிறகே வெட்ட வேண்டும்.

அளவும் தையலும்

ஒருவர் படுக்கும் விரிப்புக்கு ஒரு கணக்குச் சொல்கிறேன். ஐந்தரை மீட்டர் புடவையை நீளவாட்டில் மூன்றாக மடித்தால் ஏறத்தாழ 183 செ.மீ. நீளம் வரும், மூன்று அடுக்கும் ஆயிற்று. இது அடிப்பாகம். அதன்மேல் இரண்டு நாலுமுழ வேட்டிகளைச் சுருக்கமில்லாமல் ஒன்றன்மேல் ஒன்றாக விரிக்கவும். ஐந்து அடுக்கு. ஆறாவது அடுக்கு மேல்முகம். அதற்கு இன்னொரு புடவைத் துண்டையே போடலாம். வேலை பாதியாகக் குறையும். முதல் விரிப்பைத் தைப்பவர்கள் அப்படிச் செய்வதே நல்லது.

பல வண்ணத் துண்டுகளை இணைத்து மேல்முகம் செய்ய விரும்பினால், பழைய காலண்டர் அட்டையில் 15 செ.மீ. சதுரம் ஒன்று வெட்டிக்கொண்டு அதை வைத்தே எல்லாத் துண்டுகளையும் வெட்டுங்கள். கைக்கணக்கில் வெட்டினால் வரிசை கோணும். ஒவ்வொரு பக்கமும் ஒரு செ.மீ. தையலுக்குப் போனால் மீதி 13 செ.மீ. அகலத்துக்கு 9, நீளத்துக்கு 14 என 126 துண்டுகள் இணைந்தால் 117-க்கு 182 செ.மீ. வரும். புடவையின் அகலம் கூடக்குறைய இருக்கும். மிஞ்சுவதை ஓரத்தில் மடித்துக்கொள்ளலாம். மூன்று நான்கு பழைய கைலிகளில் நைந்த பகுதியைத் தள்ளிவிட்டு வெட்டினாலே இத்தனை துண்டும் கிடைக்கும். முதலில் ஒன்பது ஒன்பதாக இணைத்துப் பதினான்கு பட்டைகள் செய்துகொண்டு, பிறகு பட்டைகளைச் சேர்க்கவும். தையல் இயந்திரம் இருந்தால் இந்த இணைப்பு வேலையை மட்டும் அதில் ஓட்டிவிடலாம்.

அடுக்கிய துணிகளைச் சிமெண்டுத் தரையில் விரித்து நான்கு பக்கமும் சீராக இழுத்துவிட்டு, நடுவிலிருந்து நான்கு ஓரங்களை நோக்கி ஒரு சாணுக்கு ஒன்றாக நீண்ட, தளர்ந்த தையல் போட்டுப் பிடித்துவைக்க வேண்டும். பெரும்பாலோர் இந்த இடத்தில்தான் அவசரப்படுகிறார்கள். ஓரத்தில் தொடங்கி ஓரத்துக்குத் தைத்தால் துணி நகர்ந்து நடுவில் புடைத்துக்கொள்ளும். அந்தப் புடைப்பு பிறகு போகாது. சித்திப் பெண்களால் ஓரத்திலிருந்து தைக்க முடிகிறதே என்று கேட்கலாம். அவர்கள் கை சிறுவயதிலிருந்தே பழகியது. நமக்கு நடுவிலிருந்து போவதே பாதுகாப்பு.

பிறகு ஓட்டுத்தையல். ஊசியை மேலும் கீழுமாக ஓட்டிக்கொண்டே போகும் சாதாரணத் தையல்தான். ஒவ்வொரு தையலும் ஒரு நெல்மணி நீளம் இருந்தால் நல்லது. கோடுகளுக்கிடையே இரு விரற்கடை, அதாவது 4 செ.மீ. விடலாம். இதைவிட அகல விட்டால் துவைக்கும்போது உள் அடுக்கு சுருண்டுவிடும். நெருக்கமாகப் போட்டால் விரிப்பு பலகைபோல் விறைக்கும். நூல் பருத்தி நூலாக இருக்கட்டும். பழைய துணியை நைலான் நூல் கத்தியாக அறுத்துவிடும். சாக்கு தைக்கும் கோணி ஊசியும் கூடாது. அது போடுகிற ஓட்டையிலிருந்தே துணி கிழியத் தொடங்கும். நீளமான மெல்லிய ஊசி போதும். தேன்மெழுகுத் துண்டு ஒன்றில் நூலை இழுத்தெடுத்தால் சிக்காமல் ஓடும். நம் ஊரில் தேனீ வளர்ப்போர் வீட்டில் அது கிடைக்காமல் போகாது. கடைசியாக, கிழிந்த புடவையின் கரையை மூன்று விரல் அகலத்தில் வெட்டி நான்கு ஓரத்தையும் மூடித் தைக்கவும். விரிப்பு முதலில் கிழிவது ஓரத்தில்தான். அதனால் கரையை மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள்.

ஆறு அடுக்குக்குமேல் போக வேண்டாம். தடிமனாக இருந்தால் சுகம் என்று எட்டு, பத்து அடுக்கு வைத்துத் தைத்த விரிப்புகளைப் பார்த்திருக்கிறேன். நனைந்தால் ஓராள் தூக்கிப் பிழிய முடியாது. ஒரு நாள் வெயிலில் காயாது. துவைக்கப் பயந்தே அழுக்கோடு கிடக்கும். இலவம் பஞ்சை நடுவில் வைக்கலாமா என்று கேட்கிறார்கள். தலையணைக்கு அது அருமையான பஞ்சு. நனைந்தால் கட்டி கட்டியாகத் திரண்டுவிடும் என்பதால் துவைக்கும் விரிப்புக்கு ஆகாது.

குழந்தைக்கானால் ஒரு வேட்டியை நான்காக மடித்துத் தைத்ததே போதும். நான்கைந்து இருந்தால் மாற்றி மாற்றித் துவைக்கலாம். அதைக் குழந்தைக்குக் கீழே விரியுங்கள். கனமான எதையும் மேலே போர்த்தி முகத்தை மூட வேண்டாம். ஈரம் இறங்காமலிருக்க பிளாஸ்டிக் தாளை உள்ளே வைத்துத் தைப்பதும் தவறு. ஈரம் உள்ளேயே தங்கிப் பூஞ்சணம் பிடிக்கும். முதியவர் படுக்கைக்கு விரிப்பின் அடியில் தனியாக ஒரு தாளைப் போட்டு எடுக்கலாம்.

எடுத்துவைக்கும்போது காய்ந்த வேப்பிலையோ வசம்புத் துண்டோ போதும். பாச்சை உருண்டை போட்டுவைத்த துணியைப் பச்சிளங் குழந்தைக்கு விரிக்கக் கூடாது. சில குழந்தைகளுக்கு அந்த மருந்தால் இரத்த அணுக்கள் சிதைந்து மஞ்சள்காமாலை வரும், உயிருக்கே ஆபத்தாகலாம்.

மிஞ்சிய துண்டுகள்

வெட்டியது போக மிஞ்சும் துண்டிலும் வேலை இருக்கிறது. நைந்த பனியனைப் பட்டையாக வெட்டி மூன்று புரியாகப் பின்னிச் சுருட்டித் தைத்தால் கால்மிதி. இரண்டு சாண் துணியை எட்டாக மடித்துத் தைத்தால் அடுப்பிலிருந்து பாத்திரம் இறக்கும் பிடிதுணி. இதற்கும் பருத்திதான் வேண்டும், பாலியஸ்டர் உருகிக் கையில் ஒட்டிக்கொள்ளும். தலைச்சுமை தூக்குகிற பெண்களுக்குக் காய்ந்த வாழைச் சருகை உள்ளே வைத்துத் துணி சுற்றித் தைத்த சும்மாடு, வெறுந்துணிச் சும்மாட்டைவிட நன்றாகத் தாங்கும்.

வாழைநாரைப் பற்றிக் குற்றம் சொல்லிவிட்டதால் ஒரு வார்த்தை அதன் பக்கமும் சொல்ல வேண்டும். தோவாளைப் பூச்சந்தையில் பூத் தொடுக்க வாழைநார்தான் காலங்காலமாகப் பயன்படுகிறது. தண்டுப் பட்டையை உரித்து, நிழலில் காயவைத்து, கட்டாகக் கட்டினால் வேலை முடிந்தது. இதற்குச் சாயமும் வேண்டாம், பித்தளை வளையமும் வேண்டாம்; வாங்குகிற ஆளும் பக்கத்திலேயே இருக்கிறார். கைப்பைக்கு ஓடாமல் இதை முதலில் பார்த்திருக்க வேண்டியவன் நான். இயந்திரத்தில் நார் பிரிப்பது பற்றி அறிய விரும்பும் குழுக்கள் திருச்சியிலுள்ள தேசிய வாழை ஆராய்ச்சி மையத்துக்கு எழுதிக் கேட்கலாம்.

விற்கலாமா?

இந்தக் கேள்வி எல்லாக் கூட்டத்திலும் வரும். பதிலைக் கணக்காகவே சொல்கிறேன். மேலே சொன்ன அளவு விரிப்பில் நீளவாட்டில் 29 கோடுகள் ஓடும். மொத்தம் 53 மீட்டர் தையல். 126 துண்டுகளை இணைக்க இன்னும் 32 மீட்டர். ஓரம் தனி. எல்லாவற்றையும் கையாலேயே தைத்தால் பழகிய கைக்கும் 35 முதல் 40 மணி நேரம் ஆகும். எட்டு மணி நேரம் ஒரு நாள் என்றால் ஐந்து நாள் வேலை. உங்கள் ஊரில் களையெடுப்புக்கு ஒரு பெண்ணுக்கு என்ன கூலியோ அதை ஐந்தால் பெருக்குங்கள். நூல் காசையும் சேருங்கள். அந்தத் தொகைக்குக் குறைவாக விற்றால் நஷ்டம், துணி இனாமாக வந்திருந்தாலும் நஷ்டம்தான். ஆலையில் செய்த போர்வை அதைவிட மலிவாகக் கடையில் கிடைக்கும். ஆகவே உள்ளூர்ச் சந்தையில் இது விற்கும் பொருளல்ல.

காந்தாவும் சுஜனியும் நல்ல விலைக்குப் போகின்றனவே என்றால், அவற்றைத் தொலைதூர நகரங்களில் கேட்டு வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த வாங்குபவரைத் தேடிப் பிடிக்கச் சங்கங்களும் தொண்டு அமைப்புகளும் பல ஆண்டு உழைத்திருக்கின்றன. அப்படி யாராவது உங்களைத் தேடி வந்து, கூலியைக் கணக்கிட்டு, முன்பணம் கொடுத்துத் தைக்கச் சொன்னால் தாராளமாகச் செய்யுங்கள். ஆனால் "முன்வைப்புத் தொகை கட்டுங்கள், பயிற்சி தருகிறோம், தைத்ததையெல்லாம் நாங்களே வாங்கிக்கொள்கிறோம்" என்று வருகிறவர்களிடம் ஒரு ரூபாயும் கொடுக்க வேண்டாம். ஓட்டுத்தையல் கற்கப் பணம் கட்டத் தேவையில்லை. உங்கள் தெருவில் அறுபது வயதைத் தாண்டிய ஒருவருக்காவது அது தெரிந்திருக்கும்.

வீட்டுக்கென்று தைக்கும்போது கணக்கு வேறு. அந்த ஐந்து நாளை ஒரேயடியாக ஒதுக்க வேண்டியதில்லை. மத்தியானம் ஒரு மணி நேரம் வீதம் ஒன்றரை மாதத்தில் முடியும். இரண்டு மூன்று பேர் சுற்றி உட்கார்ந்தால் இன்னும் விரைவில் முடியும். ஆண்களும் ஊசி பிடிக்கலாம். சாக்கும் வலையும் தைத்த கைக்கு இது பெரிய காரியமல்ல. பங்குனியில் தொடங்கினால் ஆனி மழைக்குள் ஒரு விரிப்பு தயார். தைத்து முடித்த அன்று ஒரு மூலையில் ஆண்டை நூலால் குறித்துவையுங்கள். எத்தனை வருடம் உழைக்கிறது, எந்த இடம் முதலில் கிழிகிறது என்று பார்த்து, அடுத்த விரிப்பை அதற்குத் தக்கபடி தைக்கலாம்.